நல்லா தேறிட்டா

செப்டம்பர் 14

புண்ணைப் பற்றித் தினமும் இரண்டு வரி எழுதி வைக்கும்படி டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். எட்டாவதைத் தாண்டாத எனக்கு இரண்டு வரி என்பதே பெரிய உத்தியோகம். ஆனால் பேனாவை எடுத்துவிட்டால் நிறுத்தத் தெரியாத வியாதியும் எனக்கு உண்டு. ரேஷன் கடைப் பலகையில் "பச்சரிசி இல்லை" என்று எழுத வேண்டிய இடத்தில், "பச்சரிசி இல்லை, வந்தால் சொல்கிறேன், வீட்டுக்கு வந்து கேட்க வேண்டாம், நாகமணி திட்டுகிறாள்" என்று எழுதிவைத்த எடையாளன் நான். பூதிமலையில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

புண் என் மகள் தன்ஷிகாவுக்கு. மூன்றாம் வகுப்பு. இரண்டு முழங்காலுக்குக் கீழேயும் கொப்புளம், சொறிந்து சொறிந்து சீழ். எங்கள் மலையில் ஆஸ்பத்திரி இல்லை. இரண்டு காட்டுப் பள்ளங்களைத் தாண்டி ஜீப்பில் இறங்கினால்தான் டவுன். அதனால் அங்கே இருக்கும் டாக்டர் பெனிட்டா மலைக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் நம்பர் வைத்திருக்கிறார். போட்டோ அனுப்பினால் பார்த்து மருந்து சொல்வார். அதை எங்கள் ஊர்ச் செவிலியர் வளர்மதி சிஸ்டர் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பார்.

ஊரில் சிக்னல் கிடைப்பது என் கடை மேட்டில் மட்டும்தான். கைரேகை மிஷினுக்காக அங்கே கொண்டுபோய்க் கடையை வைத்தார்கள். இன்று மகளை அரிசி மூட்டைமேல் உட்கார வைத்து இரண்டு காலையும் படம் எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. ஐந்து நாளைக்கு மருந்து.

செப்டம்பர் 17

புண் காய்கிறது. மருந்து குடிக்கும்போது அவள் போடும் சத்தம் காயவில்லை.

செப்டம்பர் 24

காலில் தழும்பு மட்டும்தான் பாக்கி. படம் அனுப்பினேன். டாக்டரம்மா குரலிலேயே பதில் அனுப்பியிருந்தார்: "சூப்பர் அண்ணா. ஆனா பாப்பா ரொம்ப மெலிஞ்சிருக்கா. முட்டை, பயறு எல்லாம் குடுத்துத் தேத்துங்க. நடுவுல ஒரு போட்டோ அனுப்புங்க, முகம் தெரியற மாதிரி."

நாகமணி கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் அரிசி போடறவரு வூட்ல புள்ள குச்சியாட்ட இருக்குதுன்னு டவுன் வரைக்கும் தெரிஞ்சு போச்சுங்."

இன்று முதல் தன்ஷிகாவைத் தேற்றுவது என் வேலை.

அக்டோபர் 3

கடையைச் சாத்தியபின் மகளை மூட்டைத் தராசில் ஏற்றினேன். பத்தொன்பது கிலோ. தட்டிலேயே ஒரு குதி குதித்து, "இப்பப் பாருங்கப்பா, இருபத்தஞ்சு!" என்றாள். என் தொழில் ரகசியம் இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று புரியவில்லை.

முட்டை ஒன்று. ராகிக்களி ஒரு உருண்டை. சிஸ்டர் கொடுத்த சத்து டானிக், அதில் பாதி சட்டையில்.

அக்டோபர் 8

வெற்றி. கார்டோடு வரிசையில் நின்ற ரங்கம்மாக்கா இன்று எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஏனுங் எடைக்காரரே, புள்ள நல்லா தேறிட்டாளாட்ட இருக்குதே! கன்னமெல்லாம் பன்னுக் கணக்கா வந்துருச்சு. என்ன குடுக்கறீங்க?" எனக்கு அரை அடி உயரம் கூடியது. டானிக் பெயரைச் சொன்னேன். இரண்டு பேர் எழுதிக்கொண்டார்கள்.

மகளை வாசல் வெளிச்சத்தில் நிறுத்திப் படம் எடுத்தேன். என் போனில் யாரை எடுத்தாலும் சினிமாக்காரர் மாதிரி விழும். போன மாதம் கொழுந்தியாள் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப இந்தப் போனில்தான் படம் எடுத்தாள், அப்போது எதையோ அமுக்கிவிட்டுப் போனாள். அதிலிருந்து முகம் பளபளவென்று, தாடை சிக்கென்று வருகிறது. என்னையே ஒரு தரம் எடுத்துப் பார்த்தேன். நாகமணி, "இது யாருங்?" என்றாள்.

அனுப்பிவிட்டுக் கீழே எழுதினேன்: "டாக்டரம்மா, புள்ள நல்லா தேறிட்டா."

உடனே பதில்: "ரொம்ப சந்தோஷம் அண்ணா. பார்க்கவே நல்லா இருக்கா. இனி போட்டோ வேண்டாம். ஏதாவது தொந்தரவுன்னா மட்டும் அனுப்புங்க." கட்டைவிரல் மூன்று.

கட்டைவிரலை நாகமணிக்குக் காட்டினேன். அவள் பதிலுக்கு, "காலைல எந்திரிக்கறப்ப கண்ணைத் தொறக்கவே மாட்டீங்கறா. இமையெல்லாம் உப்பிக் கிடக்குது" என்றாள். நன்றாகத் தூங்குகிற பிள்ளைக்குக் கண் அப்படித்தான் இருக்கும் என்றேன். டாக்டருக்கு அடுத்தபடி மலையில் நான்தான் என்கிற நினைப்பு.

அக்டோபர் 10

இருபத்தொன்றரை! தராசு பொய் சொல்லாது, ஆள்தான் சொல்வான்.

கொலுசின் திருகு இன்று பூட்ட வரவில்லை. அவிழ்த்து டப்பாவில் வைத்தாயிற்று. பெரிய அளவு வாங்க வேண்டும். பாவாடை நாடாவும் இடுப்பில் தடம் பதித்திருக்கிறது. தேற்றச் சொன்னது ஒரு பிள்ளையை, நான் ஒன்றரைப் பிள்ளையாக ஆக்கிவிட்டேன்.

இன்னொரு நல்ல சேதி. முன்பெல்லாம் விடிவதற்குள் இரண்டு தடவை எழுப்பி வெளியே கூட்டிப்போகச் சொல்வாள். கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால், அதற்கும் பின்னால் யானை. இப்போது எழுப்புவதே இல்லை. பகலிலும் அவ்வளவாகப் போவதில்லை என்கிறாள் நாகமணி. வளர்ந்துவிட்டாள்.

அக்டோபர் 12

மழை பிடித்துக்கொண்டது.

தன்ஷிகா பள்ளிக்கூடம் போகவில்லை. தலைவலியாம். போனில் பொம்மைப் படம் பார்த்தால் தலை வலிக்காமல் என்ன செய்யும்? போனைக் கடையிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்தேன்.

நாகமணி பின்கட்டிலிருந்து கூப்பிட்டாள். "ஏனுங்க, புள்ள ஒண்ணுக்குப் போனது கட்டஞ்சாயா நெறத்துல இருக்குதுங்."

"சூடுதான். தண்ணி நெறையக் குடு."

"டாக்டரம்மாவ ஒரு வார்த்தை கேளுங்க."

"தேறிட்டான்னு நானே எழுதி, அவங்களும் மூணு கட்டைவெரலு போட்டுட்டாங்க. இப்பப் போயி ஒண்ணுக்கு டீ நெறம்னு எழுதுனா, ரேஷன்காரனுக்குப் புத்தி கலங்கிருச்சும்பாங்க."

"அது ஏற்கெனவே தெரிஞ்சதுதானுங்" என்றாள். ஆனால் சிரிக்கவில்லை.

நிறையத் தண்ணீர் கொடுத்தோம்.

அக்டோபர் 14

விடாத மழை. இரண்டு பள்ளத்திலும் செம்மண் தண்ணீர் ஆள் உயரத்துக்குப் போகிறதாம். சர்க்கரை லோடு கீழேயே நின்றுவிட்டது.

காலையில் தன்ஷிகா வாந்தி எடுத்தாள். முட்டையாகத்தான் இருக்கும். மதியமும் எடுத்தாள். மதியம் முட்டை கொடுக்கவில்லை.

கடைக்குப் போய்ப் போனை எடுத்து எழுதினேன்: "டாக்டரம்மா, வாந்தி, தலைவலி, ஒண்ணுக்குக் கொஞ்சமாத்தான் போறா, டீ நெறம்." படமும் ஒன்று எடுத்து அனுப்பினேன்.

ஒற்றை டிக்.

கடை பூட்டும்வரை பார்த்தேன். ஒற்றை டிக்தான். மழையில் டவர் போயிருக்கும். காலையில் செய்தி போய்விடும்.

அக்டோபர் 15

கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜீப் வரும்வரை எனக்குச் செய்ய ஒன்றுமில்லை, அதனால் எழுதுகிறேன். நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் அவளை எழுப்பினேன். கண் இரண்டும் கோடாக இருந்தது. என்னைப் பார்த்து, "அப்பா, உங்க மூஞ்சி ரெண்டாத் தெரியுது" என்றாள்.

"ஒண்ணையே ஊருல தாங்க மாட்டீங்கறாங்க, அம்மிணி" என்றேன். வாய் சொல்லிவிட்டது. அவள் சிரிக்கவில்லை. என் முகத்தைத் தொடுவதற்கு நீட்டிய கை என் காதுக்குப் பக்கத்தில் காற்றைத் தொட்டது.

அவளைத் தூக்கிக்கொண்டு மழையில் மேட்டுக்கு ஓடினேன். நாகமணி சாக்கைப் பிரித்து அவள் தலைமேல் பிடித்தபடி கூடவே வந்தாள். அரிசி மூட்டைகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்க வைத்தோம். போனில் நேற்றைய செய்திக்கு இப்போதும் ஒற்றை டிக். கூப்பிட்டேன். போகவில்லை. கைரேகை மிஷின் வைக்கும் மேசைமேல் ஏறி நின்று கூப்பிட்டேன். போகவில்லை. பாமாயிலுக்காக வந்து நின்றவர்கள் மூட்டைகளைச் சூழ்ந்துகொண்டார்கள். ரங்கம்மாக்கா மட்டும் போய் வளர்மதி சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அப்போது டிக் இரண்டானது. நீலமானது. அடுத்த நொடி டாக்டரம்மாவே வீடியோவில் கூப்பிட்டார்.

"அண்ணா, பாப்பாவக் காட்டுங்க."

காட்டினேன்.

"இல்ல, தன்ஷிகாவக் காட்டுங்க."

"இதுதானுங்க டாக்டரம்மா."

 லைன் போய்விட்டதோ என்று போனை ஆட்டினேன்.

"நேத்து அனுப்புன போட்டோல இருக்கறது யாரு?"

"இவதானுங்க. நான்தான் எடுத்தேன்."

"அந்தப் போட்டோல முகம் ஒல்லியா இருக்கு. பியூட்டி மோடு போட்டீங்களா?"

"போடலீங்க... கொழுந்தியா போட்டா."

"தேறிட்டான்னு எழுதினீங்களே அண்ணா!"

"ஆமாங்க. தேறிட்டாளுங்க. கன்னத்தப் பாருங்க. இருபத்தி மூணு கிலோ இருக்கறாளுங்க."

"எத்தனை நாள்ல?"

சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கேட்டது. இருபது வருடமாக எடை போடுகிறவன் நான். இத்தனை நாளில் ஒரு பிள்ளைக்குச் சதை இவ்வளவு ஏறாது. அப்படி ஏறுவது சாக்கு மூட்டைதான், அதுவும் தண்ணீரில் நனைந்தால்.

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார்: "அண்ணா, நீங்க தேறிட்டான்னதும் நான் குணமாயிட்டான்னு நினைச்சுட்டேன். அவ தேறல. வீங்கியிருக்கா. அது சதை இல்ல, தண்ணி."

நாகமணி மூட்டைமேல் உட்கார்ந்தாள். மகளின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். 

அதற்குப்பின் எல்லாம் வேகம். போனை ரங்கம்மாக்கா பிடித்துக்கொண்டார். சிஸ்டர் பிரஷர் பட்டையைச் சுற்றினார். கை சிறியது, பட்டை பெரியது. பெரிய பட்டையில் குறைத்துத்தான் காட்டும் என்றார் டாக்டரம்மா. அப்படிக் குறைத்துக் காட்டியதே எனக்கு இருப்பதைவிட அதிகம்.

"ஆறின புண்ணு சில பிள்ளைகளுக்குக் கொஞ்ச நாள் கழிச்சு கிட்னியப் பிடிக்கும். ஒண்ணுக்கு வராம தண்ணி உள்ள தேங்கி, பிரஷர் தலைக்கு ஏறியிருக்கு. சிஸ்டர், கர்ப்பிணிகளுக்கு வச்சிருக்கற பிரஷர் மாத்திரை இருக்கா?"

"இருக்குங்க மேடம்."

எவ்வளவு உடைத்துக் கொடுத்தார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன். இதைப் படித்துவிட்டு எவனாவது தானே கொடுத்துவிடுவான். நானே அந்த ரகம்தான்.

"தண்ணி குடுக்காதீங்க. உப்பு கூடாது. தலையை உயர்த்தி வைங்க. வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாய்ல எதையும் திணிக்காதீங்க. இப்பவே கிளம்புங்க. ஆம்புலன்ஸை அடிப்பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்தறேன்."

"பள்ளத்துல தண்ணி போகுதுங்களே."

"தெரியும்" என்றார்.  "குறையற நிமிஷம் தாண்டணும். வீட்டுல நிக்காதீங்க, கரையில போய் நில்லுங்க."

எங்கள் ஊர் ஜீப்பை ஓட்டுகிற மாதேவன் அதை எடுக்கப் போயிருக்கிறான். கையெல்லாம் ஈரம். பாமாயில் பாக்கெட் எதுவோ ஒழுகியிருக்கும். தாளில் அங்கங்கே எழுத்து கலைந்திருக்கிறது.

அக்டோபர் 15, மதியம்

மேல் பள்ளம் தாண்டியாயிற்று. அடிப்பள்ளத்தின் கரையில் நிற்கிறோம். எதிர்க்கரையில் ஆம்புலன்ஸின் விளக்கு சுற்றுகிறது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

தண்ணீர் குடிக்கக் கேட்கிறாள். மூன்று நாளைக்கு முன் சொம்பு சொம்பாக நான்தான் புகட்டினேன். இப்போது, "இல்ல அம்மிணி, டாக்டரம்மா திட்டுவாங்க" என்கிறேன். ஊரெல்லாம் தண்ணீர்.

அதே நாள்

கரையில் அவளுக்கு வலிப்பு வந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். நின்றது.

அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

அதே நாள், மாலை

தண்ணீர் ஜீப்பின் அச்சுக்கு இறங்கியதும் மாதேவன் என்னைக் கேட்டான்: "எறக்கட்டுங்ளா?"

நான் தண்ணீரை அளவெடுத்துக்கொண்டிருந்தேன். நாகமணிதான் சொன்னாள்: "எறக்கு தம்பி."

நடுவில் ஒருமுறை வண்டி பக்கவாட்டில் நகர்ந்தது. நாகமணி பிள்ளையை மடியில் ஒருக்களித்துப் பிடித்தபடி, "தனு, தனு, அம்மாளப் பாரு" என்று ஒரே சுருதியில் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கம்பி விழாமல் இருந்தது என்னால்தான்.

தாண்டிவிட்டோம்.

அக்டோபர் 16

டவுன் ஆஸ்பத்திரி, குழந்தைகள் வார்டு. டாக்டர் பெனிட்டாவை இன்றுதான் நேரில் பார்க்கிறேன். குரலை வைத்து ஆறடி என்று நினைத்திருந்தேன். என் தோளுக்கு வருகிறார். கண்ணைப் பார்த்தால் அவரும் தூங்கவில்லை.

"உன்னையத் திட்டப் போறாங்க" என்று நாகமணி காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். மரியாதையெல்லாம் போய் "உன்னைய" ஆகிவிட்டது, தப்பில்லை. நானும் தயாராகத்தான் நின்றேன். டாக்டரம்மா திட்டவில்லை. "ஒண்ணுக்கு நல்லாப் போறாளா, காலு வீங்கியிருக்கா, இதெல்லாம் நான் கேட்டிருக்கணும். கட்டைவிரல் போட்டுட்டு அடுத்த போட்டோவுக்குப் போயிட்டேன்" என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வலிப்பு திரும்ப வரவில்லை. பிரஷர் இறங்கிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்கு நான் ஒருவனாகத் தெரிகிறேன் என்கிறாள். ஆனால் ஊசி போட்டும் ஒண்ணுக்கு வரவில்லை. நாளைக்குள் வராவிட்டால் கோயமுத்தூருக்கு அனுப்பி, மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்குமாம்.

கட்டில் காலில் ஒரு பிளாஸ்டிக் மக்கைக் கட்டியிருக்கிறார்கள். ஒண்ணுக்கை அளக்க உள்ளே கோடு போட்ட மக். காலியாக இருக்கிறது.

அக்டோபர் 17

காலையில் உள்ளங்கை அளவு. டீ நிறம். டாக்டரம்மா மக்கைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத் தாளில் அளவைக் குறித்துக்கொண்டார்.

பக்கத்துக் கட்டில் அம்மா, "புள்ள நல்லா கொழுகொழுன்னு இருக்குதுங்களே, இதுக்கு என்னங்க சீக்கு?" என்று கேட்டார். நாகமணி எழுந்து வராண்டாவுக்குப் போய்விட்டாள்.

கோயமுத்தூர் வண்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். மாலை வரைக்கும் பார்க்கலாம் என்று டாக்டரம்மா நேரம் கேட்டு வாங்கியிருக்கிறார். மாலை என்பது எப்போது என்று யாரிடமும் கேட்கப் பயமாக இருக்கிறது.

தன்ஷிகாவுக்கு இன்றைக்கு மொத்தமே ஒரு டம்ளர் தண்ணீர்தான். அதை மூடியால் மூடியாகக் குடிக்கிறாள். நானும் குடிக்காமல் இருந்தேன். அதனால் ஒரு பயனும் இல்லை என்று வார்டு சிஸ்டர் சொன்னார். தெரியும்.

அதே நாள்

மதியச் சாப்பாட்டு வண்டி வந்து போனபின் தன்ஷிகா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, வருதுங்."

"என்ன அம்மிணி?"

"ஒண்ணுக்கு. சீக்கிரம்!"

மக்கின் முடிச்சை அவிழ்க்க வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தேன். நாகமணி அவளைத் தூக்கி நிறுத்தினாள். நான் மண்டிபோட்டுப் பிடித்தேன். முதலில் சொட்டு. பிறகு நின்றது. நாங்கள் மூன்று பேருமே மூச்சு விடவில்லை. பிறகு வந்தது பாருங்கள், தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம். கோடு ஒவ்வொன்றாக மூழ்கியது. மக் நிறைந்து, என் கை நனைந்து, தரையில் ஓடி, பக்கத்துக் கட்டில்காரரின் செருப்புவரை போயிற்று.

வார்டு சிஸ்டர் ஓடி வந்து, "கட்டிலெல்லாம் நனைச்சு வச்சிருக்கீங்க, என்னங்க இது!" என்று கத்தினார். நாகமணி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா வராண்டாக் கோடியில் யாரோ ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட வாயைத் திறந்தேன். எனக்கா சொல் வராது? வரவில்லை. இனிமேல் சொல்லை நம்பி ஒன்றும் செய்வதாகவும் இல்லை. மக்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தேன். தளும்பத் தளும்ப, ஒரு சொட்டும் சிந்தாமல். வராண்டாவில் படுத்திருந்தவர்கள்கூடக் கால்களை மடக்கி வழிவிட்டார்கள்.

டாக்டரம்மா திரும்பினார். மக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டார்.

பின்னாலிருந்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி, என் மகள் கத்தினாள்:

"அப்பா! மானம் போகுதுங்! எதையாச்சும் போட்டு மூடிட்டுப் போங்க!"